கடையில் வலை வாங்கத் தொடங்கிய ஊர்

ராமநாதபுரம் மாவட்டத்தில் நூல் சம்பந்தப்பட்ட தொழில் என்று பேச்செடுத்தால் எல்லோரும் பரமக்குடியையும் எமனேஸ்வரத்தையும்தான் கைகாட்டுவார்கள். விசைத்தறி வந்து கைத்தறி நொடித்த கதையைச் சொல்ல அங்கே ஆள் இருக்கிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அங்கிருந்து கிழக்கே வந்து மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் என்று கரையோரமாகப் போனால் இன்னொரு நூல்வேலை இருந்தது. அதையும் இயந்திரம்தான் எடுத்துக்கொண்டது. வலை பின்னுவதைச் சொல்கிறேன். தறி கிடையாது, பட்டறை கிடையாது, வாசல் தூணிலோ கட்டில் காலிலோ கயிற்றைக் கட்டி உட்கார்ந்துவிட்டால் வேலை ஆரம்பம். அதனாலேயோ என்னவோ அதை ஒரு தொழிலாக யாரும் மதிக்கவில்லை, பொம்பளைகள் சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிற வேலை என்றே சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் எந்த நேரத்தில் சும்மா இருந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வேலையின் அளவு என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கையில் நூல் சுற்றிய ஊசி, இன்னொரு கையில் வலைக் கண் (வலையின் ஓட்டை) அளவுக்குச் சீவிய மூங்கில் பட்டை. நூலைப் பட்டையின் மேல் போட்டு, மேல் வரிசைக் கண்ணுக்குள் ஊசியை விட்டு எடுத்து, சுற்றி, இழுத்து இறுக்கினால் ஒரு முடிச்சு. வலையில் ஒரு முழுக் கண்ணுக்குச் சராசரியாக இரண்டு முடிச்சு விழும். ஆக, நீளவாட்டில் ஆயிரம் கண், ஆழத்தில் நூறு கண் உள்ள ஒரு துண்டுக்கு இரண்டு லட்சம் முடிச்சு. நிமிடத்துக்குப் பத்து முடிச்சு என்று வைத்தாலும், நடுவில் எழுந்து ஊசிக்கு நூல் சுற்றுவதையும் அழுகிற பிள்ளையைத் தூக்குவதையும் விட்டுவிட்டாலும், 333 மணி நேரம். அதுவும் ஒரு துண்டுதான். தொழிலுக்குப் போகிறவர் ஒரு துண்டோடு கடலுக்குப் போக முடியாது.

அம்மாச்சி காலத்து வலை பருத்தி நூல் வலை. என் அம்மாச்சிக்குக் காலண்டரே 1964 டிசம்பர் புயல்தான், எதைச் சொன்னாலும் புயலுக்கு முன்னாடி, புயலுக்குப் பின்னாடி என்றுதான் சொல்லும். தனுஷ்கோடியை அழித்த அந்தப் புயலுக்கு முன்னால் எங்கள் பக்கம் பருத்தி வலைதான் பெரும்பாலும். பருத்தி உப்புத் தண்ணீரில் நனைந்து ஈரத்தோடு கிடந்தால் மக்கிப்போகும், அதைத் தின்னவே கிருமி இருக்கிறது. அதனால் தொழில் முடிந்து கரைக்கு வந்ததும் வலையை அலசிக் கம்புகளில் விரித்துக் காயவைக்க வேண்டும். கொஞ்ச நாளுக்கு ஒருமுறை மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த துவர்ச்சாற்றில் முக்கி எடுக்க வேண்டும். அப்படிச் செய்தால்தான் நூல் சீக்கிரம் இற்றுப் போகாது, வலையும் செம்பழுப்பு நிறமாகிவிடும். மழைக்காலத்தில் காயாத வலை என்றால் வீட்டில் சண்டை நிச்சயம். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் கடலும் இடம் கொடுக்காது, வலையும் காயாது.

இப்போது யோசித்தால் இதெல்லாம் சேர்ந்து கடலுக்கு ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தது என்று தோன்றுகிறது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஒரு குடும்பத்தில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை வலைதான் இருக்க முடியும், அந்த வலையும் தினமும் தண்ணீரில் கிடக்க முடியாது. நனைந்த பருத்தி வலை கனமும் அதிகம், இழுக்க ஆள் வேண்டும். ஊருக்குள் மொத்தம் எவ்வளவு வலை என்பதை வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களின் விரல்தான் தீர்மானித்தது. இதைத்தான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வலை இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிற சில பேர் அழகான கைவினை போச்சு என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. போனது அந்தக் கணக்கும், அந்தக் கணக்கில் பெண்களுக்கு இருந்த பங்கும்தான்.

நைலான் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் 1935இல் கண்டுபிடித்த இழை அது. காலுறைக்கும் பாராசூட்டுக்கும் போய், போர் முடிந்தபிறகு மீன்வலைக்கு வந்தது. நம் நாட்டில் 1952இல் நார்வேயோடு ஒப்பந்தம் போட்டுக் கொல்லம் பக்கம் நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். விசைப்படகு, நைலான் வலை, ஐஸ் என்று புதுத் தொழில்முறை பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் அந்தத் திட்டத்தின் ஒரு கை மண்டபத்துக்கும் நீண்டது. மண்டபத்தில் ஏற்கெனவே 1949 முதல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருந்தது, 1971இல்தான் அதன் தலைமையகம் கொச்சிக்குப் போனது. ஆக, புதுசாக என்ன வந்தாலும் எங்கள் கரைக்கு ரொம்பத் தாமதமாக வந்துவிடவில்லை.

நைலானை அம்மாச்சி திட்டி நான் கேட்டதே இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பதிவு பொய்யாகிவிடும். மக்காது, துவர் காய்ச்ச வேண்டாம், விறகு தேட வேண்டாம், காயவைக்கத் தேவையில்லை (வெயிலில் கிடந்தால்தான் நைலான் கெடும், பருத்திக்கு நேர்மாறு), எடை குறைவு, தண்ணீருக்குள் மீன் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, அதனால் மீன்பாடும் கூடுதல். "புண்ணியவான், எவன் கண்டுபிடிச்சானோ, எங்க இடுப்பைக் காப்பாத்துனான்" என்று சொல்லும். பருத்தி வலையை நினைத்து உருகுகிறவர்கள் யாரும் ஈரப் பருத்தி வலையைத் தூக்கியவர்கள் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து.

அதோடு, நூல் மாறியதும் கைவேலை உடனே போய்விடவில்லை. இது பலருக்குத் தெரியாது. முதலில் வந்தது நைலான் நூல்தான், வலை இல்லை. வியாபாரி நூல் கட்டைக் கொண்டுவந்து வீடு வீடாக எடை போட்டுக் கொடுப்பார், பின்னி முடித்ததும் எடை போட்டு வாங்கிக்கொண்டு கூலி கொடுப்பார். வழுக்குகிற நூல் என்பதால் பழைய முடிச்சு நிற்காமல் நழுவும், கூடுதலாக ஒரு சுற்று சுற்றி இறுக்கக் கற்றுக்கொண்டார்கள். விரல் அறுபடும், துணி சுற்றிக்கொண்டு பின்னுவார்கள். அம்மா பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது இந்த வேலைக்காகத்தான். ஆனால் அம்மாவும் சித்தியும் அந்த வருடங்களைத்தான் தங்கள் நல்ல காலம் என்கிறார்கள். அதுவரை வீட்டு வலைக்குப் பின்னியதற்குக் கூலி கிடையாது, இப்போது பெண்ணின் கையில் காசு வந்தது. சித்தியின் காதில் இன்றைக்கும் இருக்கிற தோடு நைலான் கூலியில் வாங்கியது. குடும்பத்தில் எதற்காவது பணம் வேண்டுமென்றால் ஆண்கள் கடன்காரரிடம் போவதற்கு முன்னால் பெண்களிடம் கேட்டார்கள். கேட்டார்கள் என்பதே பெரிய விஷயம்.

அப்புறம்தான் இயந்திர வலை. முடிச்சுப் போடுகிற இயந்திரம் ஒன்றும் புதிதில்லை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பேட்டர்சன் என்பவர் வலைத்தறி ஒன்றைச் செய்துவிட்டார். ஆனால் அது எங்கள் வாசலுக்கு வர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. நாகர்கோவில் பக்கம் வலை ஆலைகள் பெருகி, வரிசை முழுக்க உள்ள முடிச்சுகளை ஒரே அடியில் போட்டு முடிக்கிற இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஆலையில் முடிச்சை இழுத்து, சூட்டில் வைத்து இறுக்கிவிடுவார்கள், பிறகு நழுவவே நழுவாது. கண்கள் எல்லாம் ஒரே அளவு. அம்மாச்சியே ஒருமுறை கடை வலையைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான்டி இருக்கு" என்று வைத்துவிட்டது. தரத்தில் தோற்றிருந்தால் வாதாடலாம், தோற்கவில்லையே. 1988இல் பாம்பன் சாலைப்பாலம் திறந்தபிறகு தீவுக்குள் லாரியில் நேராக வலைக்கட்டு வந்து இறங்கியது. அதுவரை ரயிலையோ படகையோ நம்பித்தான் எல்லாச் சாமானும்.

கேரளத்திலும் குமரிக் கரையிலும் வலை பின்னிய பெண்கள் ஆலை இயந்திரங்களை எதிர்த்துக் கொடி பிடித்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஏதாவது நடந்ததா என்று அம்மாவிடம் கேட்டால் சிரிப்பார். இங்கே யாரும் யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வியாபாரி நூல் கொண்டுவருவதைக் குறைத்தார், ஒரு தீபாவளிக்குப் பிறகு வரவே இல்லை, அவ்வளவுதான். கதவடைப்பு இல்லை, கணக்குத் தீர்ப்பு இல்லை, எதிர்த்துக் கத்துவதற்கு ஒரு வாசல்கூட இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாக நின்றுபோன வேலை அது.

இந்த இடத்தில் பரமக்குடியை மறுபடி இழுக்கிறேன், ஏனென்றால் வித்தியாசம் என்னை உறுத்துகிறது. கைத்தறிக்கு 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. 1985இல் கைத்தறிக்கென்று ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்களை விசைத்தறி தொடக்கூடாது என்றார்கள், பிறகு அதை 11 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சட்டம் ஒழுங்காக நடந்ததா, போலிக் கைத்தறிச் சேலை கடையில் தொங்கவில்லையா என்பதெல்லாம் வேறு சண்டை. ஆனாலும் கையால் செய்கிறவனுக்கு ஏதோ ஒரு உரிமை உண்டு என்று அரசு காகிதத்தில் ஒப்புக்கொண்டது. 2015 முதல் ஆகஸ்ட் 7 தேசிய கைத்தறி நாள் வேறு. வலைக்கு இந்த மாதிரி எதுவும் இல்லை. சேலையை ஆலை செய்தால் நெசவாளி பாதிக்கப்படுகிறான் என்று புரிந்தவர்களுக்கு, வலையை ஆலை செய்தால் பாதிக்கப்படுவது யார் என்ற கேள்வியே வரவில்லை, ஏனென்றால் வலை மீனவனின் சாமான், பின்னியவள் கணக்கில் இல்லை. மீனவனுக்கோ மலிவாக வலை கிடைத்தது, அவன் ஏன் புகார் சொல்லப் போகிறான்?

மலிவு என்றேன், அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ வலை முன்னைவிட மலிவு. ஆனால் முன்பு வீட்டு உழைப்பால் வந்த பொருளுக்கு இப்போது ரொக்கம் வேண்டும். ரொக்கம் யாரிடம் இருக்கிறது? மீன் எடுக்கிற வியாபாரியிடம். அவர் வலைக்கு முன்பணம் கொடுப்பார், பிடித்துவருகிற மீனை அவருக்கே, அவர் சொல்கிற விலைக்கே போட வேண்டும். இந்த ஏற்பாடு எங்கள் கரைக்கு மட்டும் சொந்தமானதில்லை, கடற்கரை முழுக்க இருக்கிறது, ஆனால் வலையைக் கடையில் வாங்கத் தொடங்கியபிறகு அந்தக் கயிறு ரொம்ப இறுகிவிட்டது. நண்டு வலை ஒன்று, சிங்கி இறாலுக்கு ஒன்று, சூடைக்கு ஒன்று, பாரைக்கு ஒன்று என்று ஒவ்வொரு மீனுக்கும் தனி நூல், தனிக் கண். பருவத்துக்குப் பருவம் புது வலை. முன்பு அடுத்த பருவத்துக்கு எந்த வலை என்று வீட்டுக்குள் பேசி முடிவெடுப்பார்கள், ஏனென்றால் உட்கார்ந்து பின்னப் போகிறவள் ஒத்துக்கொள்ள வேண்டும். இப்போது அந்தப் பேச்சு அப்பாவுக்கும் வியாபாரிக்கும் நடுவில் டீக்கடையில் முடிந்துவிடும், அம்மாவுக்கு வலைக்கட்டு வாசலில் வந்து விழும்போதுதான் தெரியும்.

கடலுக்கு என்ன ஆனது என்பதும் இதோடு ஒட்டியதுதான். எல்லாப் பழியையும் வலை இயந்திரத்தின் தலையில் போட மாட்டேன். விசைப்படகு, இறால் ஏற்றுமதி, டீசல், ஐஸ், கடல் எல்லை எல்லாம் சேர்ந்த கதை. ஆனால் வலைக்கு இருந்த உச்சவரம்பு போனபிறகுதான் மற்றதெல்லாம் ஓடமுடிந்தது. கையால் பின்னிய வலையை வைத்துக்கொண்டு இத்தனை விசைப்படகு தினமும் கடலடியைச் சுரண்ட முடியாது, கிழிகிற வேகத்துக்குப் பின்ன ஊர் முழுக்க உட்கார்ந்தாலும் போதாது. விரல் போட்டு வைத்திருந்த கணக்கு போனதும் சட்டத்தால் கணக்குப் போட வேண்டிவந்தது. பாக் நீரிணையில் நாட்டுப்படகுக்கும் விசைப்படகுக்கும் அடிதடி ஆகி, வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்தார்கள். 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். இரண்டு படகு சேர்ந்து இழுக்கிற இரட்டைமடிக்குத் தடை, மீன்கூட்டத்தை வளைத்துச் சுருக்குகிற சுருக்குமடிக்குத் தடை. 45 நாளாக இருந்த தடைக்காலம் 2017 முதல் 61 நாள், ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை. ஒரு காலத்தில் ஈர வலையும் வாடைக்காற்றும் சம்பளம் வாங்காமல் செய்த வேலையை இப்போது அதிகாரிகள் செய்கிறார்கள், எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்பதைக் கரையில் இருக்கிறவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னிய கைகள் எங்கே போயின? சில பேர் இறால் கம்பெனிக்குத் தலை உடைக்கப் போனார்கள், ஐஸ் தண்ணீரில் நாள் முழுக்க விரல் ஊறும். சிலர் கருவாடு. மன்னார் வளைகுடா தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கப் போனவர்கள் நிறைய. பாசி எடுப்பது முன்பே இருந்த வேலைதான், ஆனால் வலைக்கூலி நின்றபிறகு எங்கள் தெருவிலிருந்து போகிறவர்கள் அதிகமானார்கள். 1986இல் 21 தீவுகளையும் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள், அதன் பிறகு தீவுப் பக்கம் போனால் வனத்துறையோடு தகராறு. 2000க்குப் பிறகு மூங்கில் மிதவையில் பாசி வளர்க்கிற வேலை வந்தது, சித்தி கொஞ்ச காலம் அதில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து செய்த வேலை போய், கழுத்தளவு தண்ணீரில் நின்று செய்கிற வேலை. இதை முன்னேற்றம் என்று ஒருவர் என்னிடம் சொன்னார், வெளியே வந்து சம்பாதிக்கிறார்களே என்று. சித்தியிடம் கேட்டேன். "நிழல்ல உக்காந்தும் சம்பாதிச்சேன்ல" என்று மட்டும் சொன்னார்.

இயந்திரம் எல்லாவற்றையும் செய்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஆலையிலிருந்து வருவது வெறும் வலைத்துணிதான். அதை மேல்கயிற்றிலும் கீழ்க்கயிற்றிலும் கோத்து, மேலே மிதவை, கீழே ஈயம் கட்டி, எவ்வளவு தொளதொளப்பு விடவேண்டும் என்று பார்த்து வலையாக்குவது இன்றும் கைதான். கண் எவ்வளவு திறந்து நிற்கும், மீன் செவுளில் மாட்டுமா சுருண்டு சிக்குமா என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கிறது. இழுவை வலை என்றால் துண்டு துண்டாக வெட்டி மடி தைக்கத் தனி ஆட்கள் உண்டு, நல்ல மடி தைக்கிறவருக்கு ஊரில் தனி மரியாதை. கவனித்தால், காசு வருகிற இந்த வேலை முழுக்க ஆண்களிடம் இருக்கிறது. பாம்பன் சாலையோரம் தடைக்காலத்தில் வலையை விரித்துப் போட்டுக் கூட்டமாகத் தைத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், அதில் பெண்களைத் தேடிப் பாருங்கள்.

கிழிசல் பார்க்கிற வேலையும் குறைந்துகொண்டே வருகிறது. நண்டு வலையைப் பொத்துவதைவிடப் புது வலைத்துணி வாங்கிக் கோப்பது லாபம் என்று என் மாமா மகன் கணக்கோடு நிரூபிப்பான், அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பழசு என்ன ஆகிறது? கொஞ்சம் கத்தரித் தோட்டத்துக்கு வேலி, கொஞ்சம் காயப்போட்ட கருவாட்டின் மேல் காக்காய் வராமல் மூட, கொஞ்சம் பழைய சாமான்காரருக்கு. மிச்சம் கரையிலும் கடலிலும். பருத்தி வலை மக்கி மண்ணாகிவிடும், நைலான் பவளப்பாறையில் மாட்டிக்கொண்டு ஆள் இல்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் சென்னையிலிருந்து வந்த ஒரு தோழி, கைப்பின்னல் வலைப்பை, ஊஞ்சல் என்று செய்து ராமேஸ்வரம் வருகிற யாத்திரிகர்களுக்கு விற்கலாம், அம்மாக்களுக்கு வருமானம் என்று உற்சாகமாகச் சொன்னார். செய்யட்டும், யாராவது செய்தால் நானும் ஒன்று வாங்குவேன். ஆனால் முந்நூறு மணி நேர வேலைக்கு யார் என்ன விலை கொடுப்பார்கள் என்பதை முதலில் எழுதிக் காட்டச் சொன்னேன், இன்னும் வரவில்லை. எனக்கு வேண்டியது வேறு. வலைக்கும் இன்ஜினுக்கும் கொடுக்கிற கடன், மானியம் எதுவானாலும் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் கொடுக்கச் சொல்லுங்கள், வலைக்கட்டு வாங்குகிற பேச்சில் அவளும் உட்காருவாள். மடி தைக்க, வலை கோக்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சி எங்கேயாவது நடந்தால் அதில் பாதி இடம் பெண்களுக்கு. கிழிந்த வலையைக் கிலோவுக்கு நல்ல விலை கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி ஆலைகளைக் கேளுங்கள், நைலானை உருக்கி மறுபடி இழையாக்க முடியும், அதற்குத் தொழில்நுட்பம் இருக்கிறது. இதில் எதையும் செய்வதற்குப் பருத்திக்குத் திரும்ப வேண்டியதில்லை. அம்மாச்சியே திரும்ப மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கும்.